லிஃப்ட் கிட் போட்ட பிறகு வரும் ‘டொக்’ சத்தம்

கேள்வி: சார், என் பிக்கப் வண்டிக்கு லிஃப்ட் கிட் போட்டு 2 அங்குலம் உயரம் கூட்டி மூன்று வாரம் ஆகிறது. முன்னால் ஸ்ட்ரட் (ஸ்பிரிங்கும் ஷாக் அப்சார்பரும் சேர்ந்த தூண்) மேல் ஸ்பேசர் என்ற உயரக் கட்டை, பின்னால் லீஃப் ஸ்பிரிங்கில் ஒரு பட்டை சேர்த்திருக்கிறார்கள். சின்னச் சின்ன மேடு பள்ளத்தில் மெதுவாகப் போகும்போது முன்பக்கம் இடதுபுறம் ‘டொக் டொக்’ என்கிறது. வேகத்தடையில் ஏறி இறங்கினால் ‘கிரீச்’ என்று இன்னொரு சத்தமும் வருகிறது. போட்டுக் கொடுத்தவரிடம் கேட்டால், “புதுசு சார், ஓட ஓடச் சரியாகிவிடும்” என்கிறார். ஷாக் அப்சார்பரை மாற்றிவிடலாமா?

பதில்: மாற்றாதீர்கள். இன்னும் எதையுமே வாங்காதீர்கள். கிட் போடும் முன்பு இல்லாத சத்தம், போட்ட பிறகு வருகிறது என்றால் பெரும்பாலும் பொருளில் கோளாறு இருக்காது, முடுக்கிய விதத்தில்தான் இருக்கும். ஓட ஓடச் சரியாகும் என்பதையும் நம்பாதீர்கள். லூசாக இருக்கும் போல்ட் ஓட ஓட இன்னும் லூசாகும், துளை நீள்வட்டமாகத் தேயும், அப்புறம் போல்ட்டோடு பிராக்கெட்டையும் சேர்த்துப் பார்க்க வேண்டி வரும்.

உங்களுக்கு இருப்பது இரண்டு வெவ்வேறு சத்தம், இரண்டையும் தனித்தனியாகத் தேடுங்கள். ‘டொக்’ என்பது இரும்பு இரும்பைத் தட்டுவது, அதாவது எங்கோ இடைவெளி இருக்கிறது. ‘கிரீச்’ என்பது ரப்பர் முறுக்கப்படுவது அல்லது உரசுவது.

முதலில் ‘டொக்’. மெதுவாகப் போகும்போது சின்ன மேட்டில் வருகிறது என்கிறீர்கள், அதனால் என் முதல் சந்தேகம் ஸ்டெபிலைசர் பாரின் (திருப்பத்தில் வண்டி சாயாமல் தடுக்கும் குறுக்குக் கம்பி) முனையை இணைக்கும் லிங்க் ராட் மேல். வண்டியை உயர்த்தினால் அந்த லிங்க் நிற்கும் கோணம் மாறிவிடும், கழற்றி மாட்டியபோது நட்டைச் சரியாக முடுக்காமல் விட்டிருந்தால் இப்படித்தான் தட்டும். வண்டியைச் சமதரையில் நிறுத்தி, இரண்டு முன்சக்கரமும் தரையில் இருக்கும்போதே லிங்க்கைக் கையால் பிடித்து ஆட்டிப் பாருங்கள். ஒரு சக்கரத்தை மட்டும் ஜாக்கியில் தூக்கினால் பார் முறுக்கிக்கொண்டு லிங்க்கை இறுக்கிப் பிடித்துவிடும், ஆட்டம் தெரியாது. இன்னும் சந்தேகம் என்றால் இரண்டு பக்க லிங்க்கையும் கழற்றிவிட்டு, பார் எங்கும் இடிக்காமல் கட்டிவைத்து, அதே சாலையில் மெதுவாக ஒரு சுற்று போய் வாருங்கள். சத்தம் போய்விட்டால் ஆள் அகப்பட்டான். லிங்க் இல்லாத வண்டி திருப்பத்தில் அதிகம் சாயும், எனவே வேகம் வேண்டாம், சோதனை முடிந்ததும் மாட்டிவிடுங்கள்.

அடுத்து பானெட்டைத் திறந்து ஸ்ட்ரட்டின் மேல்முனை நட்டுகளில் டார்க் ரெஞ்ச் (குறித்த அளவுக்கு முடுக்கும் ஸ்பேனர்) வையுங்கள். ஸ்பேசர் வைக்கும்போது அங்கே நட்டுகளில் புதிதாக ஒரு அடுக்கு சேர்கிறது: ஸ்ட்ரட் ஸ்பேசரோடு, ஸ்பேசர் வண்டியோடு. மேலே தெரியும் நட்டை முடுக்கிவிட்டு உள்ளே மறைந்திருப்பதை விட்டுவிடுவது அடிக்கடி நடக்கும். மேல் ஆர்ம் இல்லாமல், ஸ்ட்ரட் ஸ்டீயரிங்கோடு சேர்ந்து திரும்பும் வகை வண்டி என்றால், அப்படியே ஒருவரை வண்டியில் உட்காரவைத்து, கியரை நியூட்ரலில் போட்டு, ஹேண்ட் பிரேக்கை இழுத்து, ஸ்டீயரிங்கை இரண்டு பக்கமும் மெதுவாகத் திருப்பச் சொல்லுங்கள். நீங்கள் ஸ்பிரிங்கின் வெளிப்பக்கம் உள்ளங்கையை லேசாக வையுங்கள். சுருள்களுக்கு நடுவே விரல் போகவே கூடாது. ஸ்பிரிங்கின் முனை அதன் இருக்கையில் சரியாக உட்காரவில்லை என்றால் திருப்பும்போது அது தேங்கி நின்று, சட்டென்று விடுபட்டுக் குதிப்பது கையிலேயே தெரியும்.

வேகத்தடையில் இறங்கும்போது, சக்கரம் கீழே தொங்கும் அந்தக் கணத்தில் மட்டும் ‘டொக்’ வந்தால் கதை வேறு. ஸ்பேசர் எங்கே உட்கார்ந்திருக்கிறது என்று பாருங்கள். ஸ்பிரிங்கை அமுக்கும் விதத்தில் உள்ளே வைத்திருந்தால் சக்கரம் கீழே இறங்கும் தூரம் குறைந்துவிடும், ஸ்ட்ரட் முழுதாக நீண்டு முட்டும். ஸ்ட்ரட்டுக்கு மேலே வைத்திருந்தால் சக்கரம் முன்னைவிடக் கீழே தொங்கும், மேல் ஆர்ம் (சக்கரத்தைச் சேசிஸோடு இணைக்கும் கை) உள்ள வண்டியில் அப்போது அது ஸ்பிரிங்கில் போய் இடிக்கலாம். இடித்தால் பெயிண்ட் உரிந்து பளபளவென்று ஒரு கோடு தெரியும். டார்ச்சோடு குனிந்து அந்தக் கோட்டைத் தேடுங்கள்.

இனி ‘கிரீச்’. நான் அதிகம் பார்த்த தவறு இதுதான், அதனால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். ஆர்ம்கள் சேசிஸோடு சேரும் இடத்தில் இருக்கும் ரப்பர் புஷ்ஷில் பெரும்பாலானவை உருண்டு சுழல்வதில்லை. உள்ளே இருக்கும் இரும்புக் குழாயோடும் வெளி வளையத்தோடும் ரப்பர் ஒட்டியே இருக்கும். போல்ட்டை முடுக்கியதும் உள்குழாய் பிராக்கெட்டோடு இறுகிவிடும், ஆர்ம் மேலும் கீழும் போவதெல்லாம் ரப்பர் முறுக்குவதால்தான். இப்போது வண்டி ஒர்க்‌ஷாப்பின் தூக்கும் லிஃப்டில் தொங்கும்போதே, சக்கரம் முழுக்கக் கீழே இருக்கும் நிலையில் போல்ட்டை முடுக்கினால் என்ன ஆகும்? தொங்கும் நிலைதான் ரப்பருக்கு ஓய்வு நிலை. வண்டியைத் தரையில் இறக்கிய நொடியிலிருந்து அது முறுக்கிக்கொண்டே இருக்கும். கிரீச்சிடும், வண்டி விறைப்பாக ஓடும், சீக்கிரம் கிழியும்.

உறுதி செய்ய ஒவ்வொரு புஷ்ஷாகத் தண்ணீர் தெளித்துவிட்டு வண்டியை அமுக்கிப் பாருங்கள், எதில் தெளித்தபோது சத்தம் கொஞ்ச நேரம் அடங்குகிறதோ அதுதான். கிரீஸோ என்ஜின் ஆயிலோ தடவாதீர்கள், பெட்ரோலிய எண்ணெய் ரப்பரை ஊறவைத்துக் கெடுக்கும். சரிசெய்யும் வழி எளிது: வண்டியின் முழு எடையும் சக்கரத்தில் நிற்க, சரிவுப் பலகையிலோ குழியிலோ நிறுத்தி, ஆர்ம் போல்ட்டுகளை லூஸ் செய்து, வண்டியை நாலைந்து முறை அமுக்கிவிட்டு, தயாரிப்பாளர் சொன்ன அளவுக்கு டார்க் ரெஞ்சால் முடுக்குங்கள். கீழ் ஆர்ம் போல்ட்டுகள் பல வண்டிகளில் அலைன்மென்ட் (சக்கரக் கோணம்) சரிசெய்யும் போல்ட்டாகவும் இருக்கும், லூஸ் செய்யும் முன் பெயிண்டால் கோடு போட்டுவிட்டு, முடிந்ததும் அலைன்மென்ட் பார்த்துவிடுங்கள். வெறும் ஜாக்கியை நம்பி வண்டிக்குக் கீழே போகவே போகாதீர்கள்.

இன்னொன்று. இடதுபுறம் என்கிறீர்கள், வலதுபுறத்தையும் பாருங்கள். சத்தம் சேசிஸ் வழியே ஓடும். என் வண்டியில் இடதுபுறம் என்று நினைத்து இரண்டு நாள் தேடினேன், கடைசியில் வலது லிங்க்கின் நட்டுக்கு அடியில் துருத்தூளும் பளபளத்த ஒரு வளையமும் இருந்தன. கால் சுற்று முடுக்கியதும் அடங்கிவிட்டது.

கேள்வி: சேர்த்த பட்டை பின்பக்கம் முனகுகிறது. கழற்றிவிடலாமா?

பதில்: முதலில் பட்டைகளை ஆக்சிலோடு கட்டிப் பிடிக்கும் யு போல்ட்டுகளை முடுக்குங்கள். புதுப் பட்டை படிந்து உட்காரும்போது அவை லூசாகும், 100 கிலோமீட்டரில் ஒருமுறை, 500-ல் ஒருமுறை பார்த்தே ஆக வேண்டும். முடுக்கியதும் நட்டிலிருந்து தட்டு வரை பெயிண்டால் ஒரு கோடு இழுத்துவிட்டால் அடுத்த முறை நகர்ந்ததா என்று கண்ணாலேயே தெரியும். பழைய யு போல்ட்டையே திரும்பப் போட்டிருந்தால் புதிதாக மாற்றச் சொல்லுங்கள், ஒருமுறை முடுக்கியதில் அது நீண்டிருக்கும். அதன் பிறகும் முனகினால் பட்டைகளின் நுனியில் பேட் இருக்கிறதா, ஷாக்கிள் (பட்டையின் முனையைச் சேசிஸில் மாட்டும் ஊசல் இணைப்பு) புஷ் நசுங்கியிருக்கிறதா என்று பாருங்கள்.

கேள்வி: எனக்கும் இதே கிட்தான். முழுக்க ஒடித்துத் திருப்பி நகர்ந்தால் ‘டிக் டிக் டிக்’ என்கிறது.

பதில்: சக்கரம் சுற்றும் வேகத்தோடு அந்தச் சத்தமும் கூடிக் குறைந்தால் சிவி ஜாயிண்ட்தான் (திரும்பும் முன்சக்கரத்துக்கு ஆக்சிலின் சுழற்சியைக் கொண்டுபோகும் மூட்டு). உயர்த்தியதில் ஆக்சிலின் கோணம் கூடியிருக்கிறது. அதை மூடியிருக்கும் ரப்பர் உறையான பூட் கிழிந்து கிரீஸ் வெளியே தெறித்திருக்கிறதா என்று உடனே பாருங்கள். சக்கரம் ஒடிந்த நிலையில் இருக்கும்போதே பிரேக் ஹோஸும் ஏபிஎஸ் ஒயரும் விறைத்து நிற்கின்றனவா என்றும் தொட்டுப் பாருங்கள். விறைத்திருந்தால் அதைச் சரிசெய்யும் வரை வண்டியை எடுக்க வேண்டாம்.