ஞாயிற்றுக்கிழமை வேனில் ஏறுமுன்

அன்புள்ள ஐயா,

திருமங்கலம் பக்கத்திலிருந்து எழுதுகிறேன். பி.காம். முடித்துவிட்டு ஒரு துணிக்கடையில் கணக்கு எழுதுகிறேன். சம்பளம் பதினாறாயிரம். மனை போட்டு விற்கும் ஒரு கம்பெனியில் மார்க்கெட்டிங் எக்சிகியூட்டிவாகச் சேரச் சொல்லி நண்பன் கூப்பிடுகிறான். சம்பளம் கிடையாது, கமிஷன் மட்டும்தான். முதலில் சொந்தக்காரர்களை சைட்டுக்குக் கூட்டி வரச் சொல்கிறார்கள். நானே ஒரு மனை புக் செய்தால் உடனே டீம் லீடர் ஆகிவிடலாமாம். அம்மா சீட்டு எடுத்த பணம் கொஞ்சம் இருக்கிறது. எனக்கு அவ்வளவாகப் பேச வராது. இந்தத் தொழில் எனக்குச் சரிப்படுமா? நீங்கள் வீடு, மனை தரகு செய்பவர்களோடு பல காலம் பழகியவர் என்பதால் கேட்கிறேன்.

(பெயர் வெளியிட வேண்டாம்)

அன்புள்ள தம்பிக்கு,

பேச வராது என்பதைப் பெரிய குறையாக எழுதியிருக்கிறீர்கள். நான் பார்த்தவரை இந்தத் தொழிலுக்கு வந்து சீக்கிரம் காணாமல் போனவர்கள் எல்லாம் நன்றாகப் பேசியவர்கள்தான். இடம் வாங்க வருகிறவர் ஆயுள் சேமிப்போடு வருகிறார். நீங்கள் பேசப் பேச அவருக்குச் சந்தேகம்தான் கூடும். கேட்டதற்குப் பதில், தெரியாததற்கு ‘விசாரிச்சுச் சொல்றேன்’, சொன்ன நாளில் மறக்காமல் ஒரு போன். இது போதும்.

நீங்கள் கணக்கு எழுதுகிறவர் என்பதால் பணத்தைப் பார்த்துவிடுவோம். 25 லட்சத்துக்கு ஒரு இடம் முடிகிறது, ஒரு சதவீதம் கமிஷன் என்றால் 25,000 ரூபாய். ஆனால் இடம் வாங்கும் பார்ட்டியைப் பற்றி உங்களுக்குச் சொன்னவர் ஒருவர், இடத்தைக் காட்டியவர் இன்னொருவர். பதிவு அன்று சார்பதிவாளர் ஆபீஸ் வாசலில் ‘முதல்ல சொன்னது நான்தானே’ என்று வந்து நிற்பவர் மூன்றாமவர். பிரித்தபின் ஏழாயிரமோ எட்டாயிரமோ மிஞ்சும். அதுவும் டோக்கன் போட்ட அன்றே கைக்கு வராது. அக்ரிமென்ட், பேங்க் லோன், வக்கீல் ஒபினியன் என்று இரண்டு மூன்று மாதம் ஓடும். நடுவில் பார்ட்டி மனம் மாறினால் பெட்ரோல் செலவு உங்களோடு போயிற்று.

ஆகவே ஆறு மாத வீட்டுச் செலவு கையில் சேரும்வரை துணிக்கடை வேலையை விடாதீர்கள். மாலை வேளைகளில் வாடகை வீடு பிடித்துக் கொடுங்கள். ஒரு மாத வாடகைதான் கமிஷன், ஆனால் சீக்கிரம் முடியும். தெருத்தெருவாக விலையும் ஆட்களும் பழகும்.

இன்னொன்று. பத்திரச் செலவை முதல் நாளே வாயைத் திறந்து சொல்லிவிடுங்கள். இப்போது முத்திரைத்தாள் வரியும் அதனுடன் சேர்ந்ததும் 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம் (இது 2023 மார்ச் வரை 4 ஆக இருந்தது). 30 லட்சத்துக்குப் பத்திரம் போட்டால் 2,70,000 ரூபாய். கடைசி வாரத்தில் இதைக் கேட்டு அதிர்கிறவர், ஈடுகட்ட முதலில் கைவைப்பது உங்கள் கமிஷனில்.

இனி சொந்தக்காரர் விஷயம். ஞாயிற்றுக்கிழமை வேன், சைட்டில் சாமியானா, மதியம் பிரியாணி, ‘இன்னைக்கு புக் பண்ணினா மட்டும் இந்த ரேட்’. இது உங்களுக்குத் தெரிந்ததுதான். அந்த வேனில் முதல் நடையாக ஏறுவது புதுப் பையன்களின் சித்தப்பாவும் அத்தையும். சொந்தக்காரர் பட்டியல் தீர்ந்ததும் பையனும் தீர்ந்துவிடுவான், கம்பெனி அடுத்த பையனைப் பிடிக்கும். உங்களைத் தேடுவதைவிட உங்கள் போனில் உள்ள நம்பர்களைத்தான் அவர்கள் தேடுகிறார்கள் என்பது என் அபிப்பிராயம்.

2016-இல் நடந்ததை நீங்கள் கேள்விப்பட்டிருக்கலாம். ஊராட்சித் தலைவர் முத்திரை வைத்த வரைபடத்தைக் காட்டி ‘பஞ்சாயத்து அப்ரூவல்’ என்று ஊர் ஊராக மனை விற்றார்கள். மனைப்பிரிவுக்கு ஒப்புதல் தரும் அதிகாரமே அவருக்குக் கிடையாது, அது டி.டி.சி.பி. (நகர் ஊரமைப்பு இயக்ககம்), சென்னைப் பக்கம் என்றால் சி.எம்.டி.ஏ. (சென்னைப் பெருநகர் வளர்ச்சிக் குழுமம்) வேலை. அந்த வருஷம் செப்டம்பர் 9 அன்று சென்னை உயர் நீதிமன்றம் அங்கீகாரம் இல்லாத மனைகளைப் பதியக் கூடாது என்று உத்தரவிட்டது. இரண்டே மாதத்தில், நவம்பர் 8 அன்று, 500, 1000 ரூபாய் நோட்டுகளும் செல்லாமல் போயின. தரகு முற்றாகப் படுத்துவிட்டது. அப்போது தொழிலை விட்டுப் போனவர்களில் பலருக்கு வருமானம் நின்றது இரண்டாவது பிரச்சினைதான். தாங்கள் வாங்கிக் கொடுத்த மனையை விற்கவும் முடியாமல் வரன்முறைப்படுத்தப் பணம் கட்டவும் முடியாமல் நின்ற மாமன் மச்சானைக் கல்யாண வீட்டில் எதிர்கொள்வதுதான் முதல் பிரச்சினை. கம்பெனி போர்டைக் கழற்றிக்கொண்டு போய்விடும். நீங்கள் அதே ஊரில் இருப்பீர்கள்.

உங்கள் பக்கத்திலேயே தோப்பூர் இருக்கிறது. அங்கே எய்ம்ஸ் மருத்துவமனைக்குப் பிரதமர் அடிக்கல் நாட்டியது 2019 ஜனவரி 27. கட்டட வேலை முறையாகத் தொடங்கியது 2024-இல். இடைப்பட்ட ஐந்து வருஷமும் ‘எய்ம்ஸ் மிக அருகில்’ என்ற நோட்டீஸுக்கு மட்டும் ஓய்வில்லை. அதை நம்பி வட்டிக்கு வாங்கிப் போட்டவரிடம் பொய் எதுவும் சொல்லப்படவில்லை, அருகில்தான் இருந்தது!

சரி, எதைக் கற்றுக்கொள்வது? பத்திரம் படிக்க. மதுரையில் ஒரு பழைய தரகரோடு சில காலம் சுற்றியிருக்கிறேன். ஒரு வீட்டு விற்பனைக்காக வாங்குபவர் அட்வான்ஸோடு தயாராக உட்கார்ந்திருந்தார். விற்பவர் ரேட்டைச் சொல்ல வாயெடுக்கும்முன் பெரியவர் கேட்டார்: “பட்டா அப்பா பேர்ல இருக்கு. அப்பா இருக்காரா?”

“தவறிட்டாருங்க.”

“கூடப் பிறந்தவங்க?”

“தங்கச்சிங்க ரெண்டு பேரு. அவங்களுக்குச் சீர்செனத்தியெல்லாம் குறைவில்லாம செஞ்சாச்சு.”

“செஞ்சது நல்லது தம்பி. கையெழுத்துப் போட வருவாங்களா?”

பதில் இல்லை. பெரியவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்துவிட்டார். வாங்க வந்தவருக்குக் கோபம், அருமையான வீட்டைக் கெடுத்துவிட்டார் என்று. ஆனால் உயில் எழுதாமல் இறந்த அப்பாவின் சுயசம்பாத்தியத்தில் மகளுக்கும் மனைவிக்கும் மகனோடு சமபங்கு என்பது 1956 முதல் உள்ள சட்டம். பூர்வீகச் சொத்திலும் தமிழ்நாடு 1989-லேயே மகளுக்குப் பங்கு கொடுத்தது, 2005-இல் நாடு முழுக்க வந்தது. சீர் செய்ததால் அந்தப் பங்கு கரைந்துபோகாது.

ஒரு சொத்தின் மேல் பதிவான பத்திரங்களைக் காட்டும் வில்லங்கச் சான்றை எல்லோரும் போனிலேயே எடுத்துவிடுகிறார்கள், சுத்தமாக இருந்தால் ஆட்டம் முடிந்தது என்று நினைக்கிறார்கள். அதில் வராததைத் தெரிந்துகொள்வதுதான் தரகரின் வேலை. உயில் வராது, பதிந்த உயில்கூடத் தனிப் புத்தகத்தில்தான் ஏறும். கோர்ட்டில் ஓடும் வழக்கு பெரும்பாலும் வராது. அசல் பத்திரத்தை யாரிடமோ கொடுத்துவிட்டுக் கடன் வாங்கியிருந்தால் அதுவும் வராமல் போகலாம். அதனால் ஜெராக்ஸை வைத்துப் பேசுகிறவரிடம் அசலைக் காட்டச் சொல்லுங்கள். ‘தொலைஞ்சு போச்சு’ என்றால் அங்கேயே நில்லுங்கள். பத்திரம் ஒருவர் பேரில், பட்டா வேறொருவர் பேரில் இருப்பதும் சகஜம். அரசு நில ஆவணங்களைப் புதுப்பித்த யு.டி.ஆர். காலத்தில் தவறாக ஏறிய பெயர்களுக்கு இன்றும் தாசில்தார் ஆபீஸில் நடக்கிறார்கள். இதையெல்லாம் ஒரு பத்திர எழுத்தரின் மேஜைக்கு எதிரே ஒரு வருஷம் உட்கார்ந்தால் கற்கலாம். கணக்கு எழுதிய கை என்பதால் உங்களுக்கு இன்னும் சீக்கிரம் பிடிபடும்.

அந்தக் கம்பெனிக்கு வருகிறேன். 500 சதுர மீட்டருக்கு மேற்பட்ட மனைப்பிரிவு என்றால் ரெராவில் (ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையத்தில்) பதிந்திருக்க வேண்டும். அந்த எண் விளம்பரத்திலேயே இருக்க வேண்டும். அப்படிப்பட்ட மனையைக் கமிஷனுக்கு விற்கும் முகவரும் தன் பெயரில் பதிந்திருக்க வேண்டும். பதியாமல் விற்றால் நாளொன்றுக்கு 10,000 ரூபாய் அபராதம், உச்சவரம்பு மனை விலையில் 5 சதவீதம். சம்பளம் தராத கம்பெனி ‘நீங்க எங்க ஸ்டாஃப், தனியா பதிய வேண்டாம்’ என்று சொன்னால், அதை எழுத்தில் கேளுங்கள்.

அம்மாவின் சீட்டுப் பணத்தைத் தொடாதீர்கள். வேலையில் சேர மனை வாங்கச் சொல்கிற இடத்தில் முதல் கஸ்டமர் நீங்கள்தான். போகத்தான் வேண்டும் என்று தோன்றினால், நண்பனிடம் அந்த சைட்டின் ரெரா எண்ணையும் மூலப்பத்திர நகலையும் கேட்டு வாங்குங்கள். எத்தனை நாளில் தருகிறான் என்று பாருங்கள். வந்தால் எனக்கும் அனுப்புங்கள், படித்துச் சொல்கிறேன்.