எஸ்.எஸ். சிக்னி ஏன் தெரிந்தும் தெரியாமலும் போகிறது?

சென்ற மாதம் பைனாகுலரில் தெரிந்த எஸ்.எஸ். சிக்னி என்ற விண்மீன் இம்மாதம் தெரியவில்லையே, மேகம் மறைத்ததா என்று செங்கோட்டையிலிருந்து கேட்டிருக்கிறீர்கள். ஆரியங்காவுக் கணவாய் வழியே வரும் மேகம் நம் வானத்தை அடிக்கடி மூடுவது உண்மைதான். ஆனால் அந்த விண்மீனே மாறக்கூடியது.

அது ஓர் இரட்டை விண்மீன். பூமியளவே இருந்தும் சூரியனோடு ஒப்பிடத்தக்க நிறையுடைய ஒரு வெண் குறுமீனும் (எரிபொருள் தீர்ந்து சுருங்கிய விண்மீன்), சூரியனைவிடக் குளிர்ந்த ஒரு துணை விண்மீனும் சுமார் 6.6 மணி நேரத்துக்கு ஒருமுறை ஒன்றையொன்று சுற்றிவருகின்றன. இந்த நெருக்கத்தில் துணையின் வெளிப்புற வாயு வெண் குறுமீனை நோக்கி இழுபட்டு, நேரே விழாமல், சுழலும் வட்டாகத் தேங்குகிறது. வட்டு குளிர்ந்திருக்கும் வரை வாயு சேர்ந்துகொண்டே போகும். ஒரு கட்டத்தில் ஹைட்ரஜன் எலக்ட்ரானை இழந்து அயனியாகி, வட்டின் உள்ளுராய்வு பெருகி, தேங்கியதில் ஒரு பகுதி மதகு திறந்த குளத்து நீரைப்போல உள்நோக்கிப் பாய, ஈர்ப்பாற்றல் வெப்பமாகவும் ஒளியாகவும் வெளிப்படுகிறது. அப்போது பைனாகுலருக்கு எட்டாத 12-ஆம் ஒளித்தரத்திலிருந்து (எண் குறையக் குறையப் பிரகாசம் கூடுதல்) 8-ஐ நெருங்கி, சுமார் 40 மடங்கு பிரகாசமாகிறது. பின்னர் மங்கி, ஏறத்தாழ ஏழெட்டு வாரங்களில் மீண்டும் எழும். அந்த இடைவெளி சீரானதல்ல.

நோவா எனப்படும் விண்மீன் வெடிப்பு வேறு: அங்கே வெண் குறுமீனின் மேற்பரப்பில் சேர்ந்த ஹைட்ரஜன் அணுக்கரு இணைவால் வெடிக்கிறது.

1896-இல் ஹார்வர்டில் லூயிசா வெல்ஸ் கண்டறிந்த இவ்விண்மீனைத் தன்னார்வலர்கள் பல தலைமுறைகளாகக் குறித்து வருகிறார்கள். நீங்களும் தேதி, நேரத்துடன் குறித்து வையுங்கள், தெரியாத இரவுகளையும் சேர்த்து.