நூற்றுக்கு எத்தனை பெண்களுக்குக் கிளமிடியா? டாக்டர் பதில்கள்

போன முறை, உடலுறவால் பரவும் பாக்டீரியா தொற்றான கிளமிடியாவைப் பற்றி நாலு வரிதான் எழுதினேன். அதற்கே கடிதங்கள் கட்டாக வந்துவிட்டன. எல்லாருமே பெயர் வேண்டாம் என்கிறீர்கள். சரி, ஊர் மட்டும் போடுகிறேன். வயது, எத்தனை நாளாகத் தொந்தரவு, என்ன சோதனை செய்தீர்கள் என்பதை அடுத்த தடவையாவது எழுதுங்கள். “எனக்குக் கீழே ஒரு மாதிரியா இருக்கு” என்று மட்டும் எழுதினால் நான் என்ன பதில் சொல்ல?

நூறு பெண்களில் எண்பது பேருக்குக் கிளமிடியா என்று வாட்ஸ்அப்பில் வந்ததே, நிஜமா? (வண்ணார்பேட்டை)

பாதியைப் படித்துவிட்டு அனுப்பியிருக்கிறார்கள். தொற்று வந்த பெண்களில் நூற்றுக்கு எழுபது, எண்பது பேருக்கு எந்த அறிகுறியும் இருக்காது என்பதுதான் விஷயம். உலக சுகாதார நிறுவனத்தின் 2020 மதிப்பீட்டின்படி, 15 முதல் 49 வயதுப் பெண்களில் நூற்றுக்குச் சுமார் 4 பேருக்குத் தொற்று இருந்தது. ஆண்களில் இரண்டரை. அந்த ஒரு வருஷத்தில் புதிதாக வந்த தொற்று 13 கோடியை ஒட்டி.

இந்தியக் கட்டுரை ஒன்றில் 1 சதவீதம், இன்னொன்றில் 20 சதவீதம் என்கிறார்கள். எதை எழுதுவது? (நர்சிங் மாணவி, பாளையங்கோட்டை)

யாரைச் சோதித்தார்கள் என்று முதலில் பாரம்மா. ஊருக்குள் பொதுவாகப் பெண்களைக் கூப்பிட்டுச் சோதித்தால் நூற்றுக்கு ஒன்றோ இரண்டோ வரும். அடிவயிற்று வலியோடும் குழந்தையில்லை என்றும் ஆஸ்பத்திரிக்கு வந்தவர்களிடம் எடுத்தால் பத்து, இருபது என்று ஏறும். என்ன சோதனை என்பதும் முக்கியம். கிருமியையே தேடும் பிசிஆர் சோதனையின் எண்ணையும், பழைய தொற்றையும் காட்டிவிடும் ரத்தச் சோதனையின் எண்ணையும் ஒரே அட்டவணையில் போட்டுவிடாதே.

அமெரிக்காவில் 25 வயதுக்குள் உள்ள, உடலுறவில் இருக்கும் பெண்களுக்கு வருஷா வருஷம் சோதனை செய்யச் சொல்கிறார்கள். அதனால்தான் அங்கே வருஷத்துக்குப் பதினைந்து, பதினாறு லட்சம் பேர் கணக்கில் வருகிறார்கள். இங்கே அறிகுறியைப் பார்த்து மருந்து கொடுப்பதுதான் முறை. ஒன்றும் தெரியாமல் களக்காட்டிலோ நாங்குநேரியிலோ வீட்டு வேலை பார்த்துக்கொண்டிருப்பவள் எந்த ஏட்டிலும் ஏற மாட்டாள். நம் எண்கள் சின்னதாக இருப்பதற்கு அதுவும் ஒரு காரணம் என்று எழுது.

இந்தியாவில் கிளமிடியா ஒழிந்துவிட்டதாக 2024-இல் செய்தி வந்ததே? (அம்பாசமுத்திரம்)

அது கண்ணில் வரும் டிரக்கோமா. கிருமி இனம் ஒன்றுதான், ரகம் வேறு. செய்தியை முழுசாகப் படியுங்கள்.

பீடி சுற்றுகிறேன். வெள்ளைப்படுகிறது. உட்கார்ந்தே இருப்பதால் சூடு என்கிறார் மாமியார். கிளமிடியாவாக இருக்குமா? (முக்கூடல்)

சூடும் இல்லை, பெரும்பாலும் கிளமிடியாவும் இல்லை. தயிர் மாதிரி திரிதிரியாகப் பட்டு அரித்தால் பூஞ்சை. மீன் வாடை அடித்தால் வேறு பாக்டீரியா. மாதவிலக்குக்கு நடுவில் ரத்தம், உறவுக்குப் பிறகு ரத்தம், அடிவயிற்று வலி இருந்தால்தான் என் சந்தேகம் கிளமிடியா பக்கம் திரும்பும்.

அரசு ஆஸ்பத்திரியில் உள்ளே பரிசோதித்துவிட்டுத்தான் மருந்து தர வேண்டும். அங்கே தொந்தரவுக்குத் தக்கபடி நிறம் நிறமாக மருந்துப் பொட்டலம் (கிட்) வைத்திருப்பார்கள். பச்சைக் கிட் கொடுத்தால் அதில் கிளமிடியாவுக்கு மருந்து கிடையாது, சாம்பல் கிட்டில் உண்டு. எது உங்களுக்கு என்பதை டாக்டர் சொல்லட்டும். மருந்துக்கடையில் வாங்கி விழுங்காதீர்கள்.

கல்யாணமாகி மூன்று வருஷம், குழந்தை இல்லை. லேபில் கிளமிடியா ஐஜிஜி பாசிட்டிவ். இரண்டு கோர்ஸ் மருந்து சாப்பிட்டும் பாசிட்டிவ்தான். மாமியார் வீட்டில் பேச்சு தாங்க முடியவில்லை. (சங்கரன்கோவில்)

மருந்தை நிறுத்துங்கள் அம்மா. உங்களுக்குக் கிளமிடியா இருக்கிறது என்று அந்தத் தாளில் எங்கேயும் எழுதியிருக்கவில்லை.

ஐஜிஜி என்பது கிருமி அல்ல. எப்போதோ வந்த கிருமிக்கு உடம்பு தயாரித்து வைத்த எதிர்ப்புப் பொருள். கிருமி போன பிறகும் வருஷக்கணக்கில் ரத்தத்தில் இருக்கும். மருந்து சாப்பிட்டால் அது மறையும் என்று எதிர்பார்ப்பதே தப்பு. இன்னொன்று, நுரையீரலில் சளியும் இருமலும் உண்டாக்கும் கிளமிடியா என்று தனியாக ஓர் இனம் உண்டு. பெரியவர்களில் பலருக்கு அது ஒருதரமாவது வந்துபோயிருக்கும். அதற்கான ஐஜிஜியும் சில சோதனைகளில் இதுபோலவே பாசிட்டிவ் காட்டிவிடும். இருமி முடித்ததற்கு ஒரு பெண்ணின் நடத்தையைப் பேசுகிறார்கள் என்றால் எனக்கு வயிறு எரிகிறது.

“குழந்தையின்மை பேக்கேஜ்” என்று பத்துப் பன்னிரண்டு சோதனையைச் சேர்த்து விற்கிறார்கள் இல்லையா, அதற்குள் இதையும் செருகிவிடுகிறார்கள். வருஷக்கணக்காகச் சொல்லி என் தொண்டை வற்றிவிட்டது. இப்போது தொற்று இருக்கிறதா என்று தெரிய வேண்டுமானால் பிறப்புறுப்பிலிருந்து பஞ்சுக் குச்சியில் எடுத்து பிசிஆர் செய்ய வேண்டும். அதில் நெகட்டிவ் என்றால் இப்போது கிளமிடியா இல்லை, மருந்தும் வேண்டாம்.

பழைய தொற்று கருக்குழாயை அடைத்திருக்கலாம், அது வேறு கேள்வி. கருப்பைக்குள் சாயம் செலுத்தி எடுக்கும் எச்எஸ்ஜி எக்ஸ்ரேயோ, வயிற்றுக்குள் சின்னக் கேமரா விட்டுப் பார்க்கும் லேப்ராஸ்கோப்பியோ அதைச் சொல்லும். அடைப்பு இருந்தால் நம் நாட்டில் காசநோயையும் தேடிப் பார்க்க வேண்டும், நிறைய பேர் இதை மறந்துவிடுகிறார்கள். உங்கள் வீட்டுக்காரரின் விந்துப் பரிசோதனை முடிந்ததா? மூன்று பக்கக் கடிதத்தில் அதைப் பற்றி ஒரு வரி இல்லை.

பிசிஆரே பாசிட்டிவ் வந்தாலும் எப்போது வந்தது, யாரிடமிருந்து யாருக்கு என்று அது சொல்லாது. சத்தமில்லாமல் ஒரு வருஷத்துக்கு மேலும் உள்ளே இருக்கும் கிருமி இது. கல்யாணத்துக்கு முந்தியதாகவும் இருக்கலாம், அவருடையதாகவும் இருக்கலாம். அந்தத் தாளை வைத்து வீட்டில் பஞ்சாயத்து வைக்காதீர்கள்.

தாமிரபரணியில் குளித்தால் வருமா? (சேரன்மகாதேவி)

வராது. கக்கூஸிலிருந்தும் வராது.

மனைவிக்குப் பிசிஆர் பாசிட்டிவ், மருந்து முடித்துவிட்டாள். நான் துபாயில் இருக்கிறேன், அடுத்த மாதம் லீவு. எனக்கு ஒன்றுமே இல்லை, நான் எதற்கு மாத்திரை சாப்பிட வேண்டும்? (வள்ளியூர்)

உங்களுக்கு ஒன்றுமில்லை என்று எந்தச் சோதனை சொன்னது? ஆண்களிலும் சுமார் பாதிப் பேருக்கு அறிகுறி இருக்காது. நீங்கள் சாப்பிடாமல் வந்து இறங்கினால் அவள் சாப்பிட்டது வீண். அங்கேயே டாக்டரைப் பாருங்கள். பொதுவாக டாக்ஸிசைக்ளின் 100 மில்லிகிராம், காலை இரவு, ஏழு நாள். அந்த ஏழு நாளும் உறவு கூடாது. மாத்திரையைப் பாலோடும் இரும்புச் சத்து மாத்திரையோடும் சேர்த்துச் சாப்பிடக் கூடாது. நிறைய தண்ணீர் குடியுங்கள், விழுங்கிய உடனே படுக்காதீர்கள். மூன்று மாதம் கழித்து இரண்டு பேருமே மறுபடி சோதித்துக்கொள்ளுங்கள். திரும்பத் திரும்பச் சொல்கிறேன், மருந்து இரண்டு பேருக்கும்.

ஐந்து மாதக் கர்ப்பம். பாசிட்டிவ் என்கிறார்கள். குழந்தைக்கு? (களக்காடு)

பயப்படாதீர்கள், தள்ளியும் போடாதீர்கள். டாக்ஸிசைக்ளின் உங்களுக்கு ஆகாது. அசித்ரோமைசின் 1 கிராம் ஒரே வேளையாக டாக்டர் தருவார். விட்டுவிட்டால் பிரசவத்தில் குழந்தையின் கண்ணுக்கும் நுரையீரலுக்கும் போகலாம். நாலு வாரம் கழித்து மறுசோதனை. அதற்கு முன்னால் செய்தால் செத்த கிருமியின் துணுக்கே பாசிட்டிவ் காட்டி உங்களைக் கலங்கடிக்கும். வீட்டுக்காரருக்கும் மருந்து. கடையில் வாங்கி விழுங்காதீர்கள்.

பாப்ஸ்மியர் எடுத்தேன், நார்மல். கிளமிடியாவும் இல்லை என்றுதானே அர்த்தம்? (பேட்டை)

இல்லை. அது கருப்பை வாய்ப் புற்றுநோய்க்கான சோதனை.

மூத்திரம் எரிகிறது, கல்ச்சரில் ஒன்றும் வளரவில்லை. (பணகுடி)

மூத்திரத்தில் உள்ள கிருமியை வளர்த்துப் பார்க்கும் சாதாரண கல்ச்சரில் கிளமிடியா வளராது, அது செல்லுக்குள் வாழும் கிருமி. பிசிஆர் கேளுங்கள். பெண்களுக்குப் பிறப்புறுப்பில் பஞ்சுக் குச்சியால் எடுத்துக் கொடுப்பதுதான் மேல், நீங்களே எடுத்துக் கொடுக்கலாம். மூத்திரம்தான் கொடுப்பேன் என்றால் ஒரு மணி நேரம் போகாமல் இருந்து, வரும் முதல் மூத்திரத்தைப் பிடியுங்கள். கல்ச்சருக்குப் பிடித்தது போல நடுவில் பிடித்துக் கொடுத்தால் மறுபடி ‘இல்லை’ என்று வந்துவிடலாம்.