மெயிலில் வரும் இங்கிலீஷ் வீடியோ காலில் ஏன் வருவதில்லை?

கேள்வி: திருப்பூரில் ஒரு பனியன் ஏற்றுமதி நிறுவனத்தில் ஜூனியர் மெர்ச்சண்டைசராக இருக்கிறேன். அரசுப் பள்ளியில் தமிழ் வழியில் படித்து, டெக்ஸ்டைல் டிப்ளமோ முடித்தவள். பையர் (சரக்கு வாங்கும் வெளிநாட்டு நிறுவனத்தார்) அனுப்பும் மெயில் புரிகிறது, பதிலும் எழுதிவிடுகிறேன். ஆனால் வாரந்தோறும் நடக்கும் வீடியோ காலில் என்னிடம் நேராக ஏதாவது கேட்டால் வாயடைத்துப் போகிறேன். பக்கத்தில் இருக்கும் சீனியர்தான் பதில் சொல்கிறார். ஒருமுறை ஸ்போக்கன் இங்கிலீஷ் வகுப்புக்குப் போனேன், கிராமர் புத்தகமும் வாங்கினேன். பெரிய மாற்றம் இல்லை. மறுபடி பணம் கட்டி வேறு கோர்ஸில் சேரலாமா?

பதில்: இப்போதைக்கு வேண்டாம். பையரின் மெயிலைப் படித்து, புரிந்து, பதில் எழுதுகிறீர்கள் என்றால் வேலைக்குத் தேவையான இங்கிலீஷில் பெரும்பகுதி உங்களிடம் ஏற்கெனவே இருக்கிறது. மெயில் எழுத உங்களுக்குப் பத்து நிமிடம் கிடைக்கிறது. காலில் இரண்டு நொடிதான். தெரிந்ததை அந்த இரண்டு நொடிக்குள் வாய்க்குக் கொண்டுவரும் பழக்கம்தான் உங்களிடம் இல்லை. கிராமர் புத்தகம் அதைத் தராது. நாற்பது பேரை உட்காரவைத்துப் பாடம் நடத்தும் வகுப்பும் தராது.

முதலில், வாய் ஏன் அடைக்கிறது என்று பார்ப்போம். "ஏன் கட்டிங் ஆரம்பிக்கவில்லை?" என்று பையர் கேட்கிறார். உங்கள் மனதில் ஓடும் பதில் இது: "சாயப்பட்டறையிலிருந்து துணி இன்னும் வராததால் கட்டிங் ஆரம்பிக்க முடியவில்லை." தமிழில் வினை கடைசியில்தான் வரும், காரணம் முன்னால் வந்துவிடும். இந்த வாக்கியத்தை அப்படியே இங்கிலீஷாக்கப் போனால், மொத்தத்தையும் தலைக்குள் திருப்பிப் போட்ட பிறகுதான் முதல் சொல்லையே எடுக்க முடியும். அதற்குள் சீனியர் பேசிவிடுகிறார்.

அதனால் விடையை முதலில் சொல்லுங்கள், காரணத்தை அடுத்த வாக்கியத்தில் வையுங்கள். "வீ ஹேவ்ன்ட் ஸ்டார்டட் கட்டிங் யெட். த ஃபேப்ரிக் இஸ் ஸ்டில் அட் த டையிங் யூனிட். வீ வில் கெட் இட் ஆன் தர்ஸ்டே." மூன்று குட்டி வாக்கியங்கள். "பிகாஸ்" கூட இல்லை. கேட்பவருக்கும் இதுதான் வசதி, ஏனென்றால் அவருக்கு முதலில் தேவைப்படுவது நிலவரம்தான். நீளமாகப் பேசினால்தான் நல்ல இங்கிலீஷ் என்ற எண்ணம் நம் ஊரில் பலருக்கு இருக்கிறது. தயவுசெய்து அதை விட்டுவிடுங்கள்.

அடுத்து, உங்கள் வேலையில் இருக்கும் ஒரு பெரிய வசதி. காலில் என்ன கேட்பார்கள் என்பது முன்னாலேயே தெரியும். லேப் டிப் (நிறம் பார்க்கச் சாயமிட்ட சிறு துணி மாதிரி) அப்ரூவல், ஃபிட் சாம்பிள் (அளவு பார்க்கும் மாதிரி), பிபி சாம்பிள் (உற்பத்திக்கு முந்தைய மாதிரி), ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு எத்தனை கிராம் என்ற துணியின் எடை) வித்தியாசம், இன்ஸ்பெக்‌ஷன் தேதி, தூத்துக்குடியில் சரக்கு எப்போது கப்பல் ஏறும், ஏன் தாமதம், விலையில் எவ்வளவு குறைக்கலாம். இதைத் தாண்டி எப்போதாவதுதான் போகும். கடந்த இரண்டு மாத மெயில்களைத் திறந்து, பையரும் உங்கள் சீனியரும் திரும்பத் திரும்ப எழுதும் வாக்கியங்களை ஒரு நோட்டில் எடுத்து எழுதுங்கள். தனிச் சொல்லாக வேண்டாம், முழு வாக்கியமாகவே எழுதுங்கள். "அப்ரூவல்" என்ற சொல் தெரிந்திருந்தும் வாய் திறக்காது. "வீ ஆர் வெயிட்டிங் ஃபார் யுவர் அப்ரூவல் ஆன் த லேப் டிப்ஸ்" என்பது மொத்தமாக நாக்கில் உட்கார்ந்திருந்தால், லேப் டிப்ஸை எடுத்துவிட்டு வேறு எதையும் அங்கே வைத்துப் பேசலாம்.

எழுதியதைப் பார்த்துப் படித்தால் போதாது, சத்தமாகப் பேச வேண்டும். இதற்கு நான் எல்லோருக்கும் சொல்லும் பயிற்சி ஒன்று உண்டு. 4-3-2 என்று பெயர். 1983இல் கீத் மாரிஸ் என்ற ஆசிரியர் எழுதியது. பிறகு நியூசிலாந்தின் பால் நேஷன் என்ற மொழி கற்பித்தல் ஆய்வாளர் அதைப் பரவலாக்கினார். ஒரே விஷயத்தை மூன்று முறை பேச வேண்டும். முதல் தடவை நான்கு நிமிடம், அடுத்து மூன்று, கடைசியில் இரண்டு. முறைப்படி ஒவ்வொரு தடவையும் வேறு ஆளிடம் பேச வேண்டும். ஆள் கிடைக்காவிட்டால் போன் ரெக்கார்டர் போதும். "இந்த வாரம் என் ஆர்டர்களின் நிலவரம்" என்று தலைப்பு வைத்துக்கொள்ளுங்கள். முதல் தடவை தடுமாறுவீர்கள், நடுவில் நிற்பீர்கள், தமிழ் கலக்கும். பரவாயில்லை, நிறுத்தாமல் போங்கள். இரண்டாம் தடவை என்ன சொல்வது என்று யோசிக்க வேண்டியதில்லை, அதனால் எப்படிச் சொல்வது என்பதில் மட்டும் கவனம் போகும். மூன்றாம் தடவை வளவளப்பு தானாக உதிர்ந்து, காலில் சொல்ல வேண்டிய வடிவம் வந்துவிடும். காலுக்கு முந்தைய நாள் மாலை பத்து நிமிடம் இதற்கு ஒதுக்குங்கள். அப்புறம் காலில், "கேன் ஐ ஸ்டார்ட் வித் மை ஆர்டர்ஸ்?" என்று நீங்களே முதலில் பேசக் கேளுங்கள். தயார் செய்த பேச்சை முதல் ஐந்து நிமிடத்திலேயே பேசி முடித்துவிட்டால், மீதி நேரம் பயம் பாதியாகக் குறையும்.

இப்போது நான் மிக முக்கியமாகக் கருதும் விஷயத்துக்கு வருகிறேன். இதில் தவறினால் ஆர்டரே சிக்கலாகும். பையர் கேட்கிறார்: "யூ ஹேவ்ன்ட் சென்ட் த ஃபிட் சாம்பிள் யெட்?" இன்னும் அனுப்பவில்லை. தமிழில் நாம் "ஆமாம் சார், இன்னும் அனுப்பலை" என்போம். அவர் சொன்னது சரி என்று ஒப்புக்கொள்வதுதான் அந்த "ஆமாம்". அதே பழக்கத்தில் "யெஸ்" என்று மட்டும் சொல்லி நிறுத்தினால், சாம்பிள் அனுப்பியாகிவிட்டது என்று அவர் எடுத்துக்கொள்ள வாய்ப்பு உண்டு. இங்கிலீஷில் யெஸ், நோ இரண்டும் கேட்டவரின் வாக்கியத்தைப் பார்ப்பதில்லை, நடந்ததைப் பார்க்கும். அனுப்பியிருந்தால் யெஸ், அனுப்பவில்லை என்றால் நோ. எனவே "நோ, நாட் யெட். வீ வில் கூரியர் இட் டுமாரோ." இதே சிக்கல் "டு யூ மைண்ட்" என்று தொடங்கும் கேள்வியிலும் உண்டு. "டு யூ மைண்ட் இஃப் வீ சேஞ்ச் த லேபிள்?" என்பதற்கு "யெஸ்" என்றால் எனக்கு ஆட்சேபம் இருக்கிறது என்று பொருள். "தட்ஸ் ஃபைன், ப்ளீஸ் கோ அஹெட்" என்பது பாதுகாப்பான பதில். குழப்பமாக இருந்தால், வெறும் யெஸ் அல்லது நோவோடு ஒருபோதும் நிறுத்தாதீர்கள். பின்னால் ஒரு முழு வாக்கியம் போடுங்கள்.

எண்ணும் தேதியும் அடுத்த ஆபத்து. ஃபிஃப்டீன், ஃபிஃப்டி இரண்டும் போனில் ஒன்றுபோலக் கேட்கும். "ஒன் ஃபைவ்", "ஃபைவ் ஸீரோ" என்று பிரித்துச் சொல்லுங்கள், அவரையும் அப்படிச் சொல்லச் சொல்லுங்கள். 05/06 என்று எழுதினால் ஐரோப்பிய பையருக்கு அது ஜூன் 5, அமெரிக்க பையருக்கு மே 6. மாதத்தின் பெயரை எழுத்தில் எழுதிவிட்டால் தகராறே இல்லை. லட்சம் என்ற கணக்கும் வெளிநாட்டவர் பலருக்குப் புரியாது. "ஒன் ஹன்ட்ரட் தவுசண்ட் பீசஸ்" என்றுதான் சொல்ல வேண்டும்.

நம் நாட்டுக்குள் நன்றாகச் செல்லுபடியாகும் சில இங்கிலீஷ் பிரயோகங்கள் வெளியே தடுமாறும். அவை தப்பு என்று நான் சொல்லமாட்டேன், கேட்பவர் யார் என்று பார்த்துப் பயன்படுத்துங்கள் என்கிறேன். "ஐ ஹேவ் எ டவுட்" என்றால் நமக்கு ஒரு கேள்வி இருக்கிறது என்று அர்த்தம். வெளிநாட்டு பையர் காதில் அது உங்கள் பேச்சை நம்பவில்லை என்பதுபோல விழலாம். "ஐ ஹேவ் எ கொஸ்டின்" போதும். "ப்ரீபோன்" அவருக்குப் புரியாமல் போகலாம். "கேன் வீ ஹேவ் த கால் எர்லியர்?" என்று கேளுங்கள். "ப்ளீஸ் டூ த நீட்ஃபுல்" என்று எழுதினால் எதைச் செய்வது என்று அவர் விழிப்பார். என்ன வேண்டுமோ அதைப் பெயர் சொல்லிக் கேட்பதே மரியாதை.

கிராமரில் இரண்டே இரண்டை மட்டும் இப்போது சரிசெய்யுங்கள். "நேற்றே அனுப்பியிருக்கிறேன்" என்ற தமிழ் வழக்கால் "ஐ ஹேவ் சென்ட் இட் யெஸ்டர்டே" என்று வந்துவிடும். நேற்று, திங்கட்கிழமை, போன வாரம் என்று நேரம் குறிப்பிட்டால் "ஹேவ்" வேண்டாம்: "ஐ சென்ட் இட் யெஸ்டர்டே." இன்னொன்று, "ஐ ஆம் வொர்க்கிங் ஹியர் சின்ஸ் 2021" என்பது. அது "ஐ ஹேவ் பீன் வொர்க்கிங் ஹியர் சின்ஸ் 2021" என்று வர வேண்டும். எ, ஆன், த எங்கே போடுவது என்ற கவலையைத் தள்ளிவையுங்கள். தமிழில் இல்லாத சமாச்சாரம், படிக்கப் படிக்கத்தான் பழகும். அது தவறினால் சரக்கு நிற்காது.

உச்சரிப்பைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் சொல்கிறேன். வெள்ளைக்காரர் மாதிரிப் பேச முயல வேண்டாம். உங்கள் பையர் அலுவலகத்தில் பேசுபவரே ஜெர்மனியிலோ ஸ்பெயினிலோ பிறந்து, உங்களைப் போலவே இங்கிலீஷைப் பின்னால் கற்றவராக இருக்கலாம். பொருள் மாறிவிடும் ஒலிகளை மட்டும் கவனியுங்கள். ஷர்ட், ஷார்ட்ஸ் இரண்டும் ஒரே ஆர்டரில் வந்தால் தெளிவாகப் பிரித்துச் சொல்ல வேண்டும். கலர், காலர் இரண்டும் அப்படித்தான். பையர் சொல்லும் காலர் சிலசமயம் "கொலர்" போலக் கேட்கும், அப்போது திகைக்க வேண்டாம். கேம்பிரிட்ஜ் அகராதியின் இணையதளத்தில் ஒவ்வொரு சொல்லுக்கும் பிரிட்டிஷ், அமெரிக்க உச்சரிப்பு இரண்டையும் கேட்கலாம். உங்கள் தொழிலில் புழங்கும் சொற்களை அதில் கேட்டு, கூடவே சொல்லிப் பாருங்கள்.

பேச்சு வராததற்குப் பாதிக் காரணம் காதுதான். கேள்வி முழுதாக விழாமல் பதில் எப்படி வரும்? பிபிசி லேர்னிங் இங்கிலீஷில் "சிக்ஸ் மினிட் இங்கிலீஷ்" என்ற ஒலித்தொடர் இலவசமாகக் கிடைக்கிறது, பேசுவதன் எழுத்து வடிவமும் கூடவே இருக்கும். முதலில் எழுத்தைப் பார்க்காமல் கேளுங்கள். அப்புறம் எழுத்தைப் பார்த்தபடி கேட்டு, எந்த இடத்தில் தவறவிட்டீர்கள் என்று குறித்துக்கொள்ளுங்கள். மூன்றாவதாக மறுபடி பார்க்காமல் கேளுங்கள். தெரியாத சொல்லால் தவறவிட்டது குறைவாக இருக்கும். தெரிந்த சொற்கள் ஒட்டிக்கொண்டு ஓடியதால் தவறியதே அதிகம் என்று அப்போது புரியும். பஸ்ஸில் போகும்போது ஹெட்போனில் சும்மா ஓடவிட்டுக் கேட்பதில் எனக்கு நம்பிக்கை இல்லை.

காலில் புரியாவிட்டால் "சாரி?" என்று மட்டும் கேட்டால் அவர் அதே வேகத்தில் மறுபடி சொல்வார். எது புரியவில்லை என்று குறிப்பாகக் கேளுங்கள்: "சாரி, ஐ மிஸ்ட் த டேட். குட் யூ சே இட் அகெய்ன்?" கால் முடிந்த அரைமணி நேரத்துக்குள், பேசி முடிவானதை ஐந்தாறு வரியில் மெயிலாக அனுப்புங்கள். கடைசியில் "ப்ளீஸ் கரெக்ட் மீ இஃப் ஐ மிஸ்ட் எனிதிங்" என்று ஒரு வரி. தவறாகப் புரிந்திருந்தால் அன்றைக்கே தெரிந்துவிடும். எழுத்து உங்களுக்குப் பலம், அதை இங்கே பயன்படுத்துங்கள். சீனியரும் உங்களைப் பார்க்கும் விதம் மாறும்.

காலின் தொடக்கத்தில் "ஹவ் வாஸ் யுவர் வீக்கெண்ட்?" என்று கேட்பார்கள். அதற்கு ஒரு வரி பதில், ஒரு எதிர்க்கேள்வி போதும்: "குட், ஐ விசிட்டட் மை பேரன்ட்ஸ். ஹவ் வாஸ் யுவர்ஸ்?" அன்றாட இங்கிலீஷ் என்பது பெரும்பாலும் இந்த அளவுதான்.

பேசிப் பழக ஆள் வேண்டும். அலுவலகத்தில் உங்கள் நிலையிலேயே இருக்கும் ஒருவரைத் துணைக்குச் சேர்த்துக்கொள்ளுங்கள், ஒருவர் பையர், ஒருவர் மெர்ச்சண்டைசர். சிரிப்பவர்களை இதில் சேர்க்காதீர்கள். சாட்ஜிபிடி போன்ற செயலிகளில் குரல் வழியாகவும் பேசலாம். "நீ தாமதத்தால் கோபமாக இருக்கும் பையர், நான் விளக்கம் சொல்கிறேன்" என்று சொன்னால் அப்படியே நடிக்கும். பையரின் பெயரையும் விலை விவரங்களையும் மட்டும் அதில் கொடுக்காதீர்கள், அவை நிறுவனத்தின் ரகசியம்.

இதையெல்லாம் மூன்று மாதம் விடாமல் செய்தால் ஆர்டர் நிலவரம் சொல்வது பழகிவிடும் என்பது என் மதிப்பீடு. விலை பேசுவது, தாமதத்துக்கு வாதாடுவது போன்றவற்றுக்கு இன்னும் நாளாகும். அதுவரை அந்தப் பகுதியைச் சீனியரிடம் விடுவதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை. முதல் நாள் ரெக்கார்டிங்கை அழிக்காதீர்கள். மாதம் ஒருமுறை அதோடு ஒப்பிட்டுக் கேளுங்கள், மாற்றம் காதிலேயே தெரியும்.

அதற்குப் பிறகும் கோர்ஸ் வேண்டும் என்று தோன்றினால் சேருங்கள். பணம் கட்டும் முன் ஒரு வகுப்பில் உட்கார்ந்து பார்க்க அனுமதி கேளுங்கள். ஒரு மணி நேரத்தில் மாணவர் ஒவ்வொருவரும் எத்தனை நிமிடம் பேசுகிறார்கள் என்று கடிகாரத்தைப் பாருங்கள். பத்து நிமிடமாவது இல்லை என்றால், 30 நாளில் சரளம் என்று போர்டில் எழுதியிருந்தாலும் அங்கே சேர வேண்டாம்.