வெள்ளையாக இருப்பதெல்லாம் உப்பா?

கேள்வி: எங்கள் அலுவலகத்தில் 11 பேர். நான் ஒருத்திதான் கிறிஸ்தவள். தினமும் ஸ்டேட்டஸில் வசனம் வைப்பேன். சமயம் வாய்த்தால் இயேசுவைப் பற்றிப் பேசுவேன். போன மாதம் ஒரு தோழி, "உங்கிட்ட வாயைத் திறந்தாலே பிரசங்கம்தான்" என்றாள். அதிலிருந்து மதியம் தனியாகச் சாப்பிடுகிறேன். மற்றபடி யாரோடும் வம்புக்குப் போகமாட்டேன். யாராவது வண்டி வாடகையை உள்ளதைவிடக் கூட்டி எழுதி பில் தந்தால்கூட பேசாமல் கணக்கில் ஏற்றிவிடுவேன். பேசுவதை நிறுத்தினால் நான் சாரமற்ற உப்பாகிவிடுவேனா?
— பெயர் வேண்டாம், திருநெல்வேலி

பதில்: சகோதரி, உங்கள் கடிதத்தை இரண்டு தடவை படித்தேன். முதல் தடவை அந்தத் தோழி சொன்னதுதான் மனதில் நின்றது. இரண்டாம் தடவைதான் அந்த வாடகை பில் கண்ணில் பட்டது.

'நீங்கள் பூமிக்கு உப்பாயிருக்கிறீர்கள்; உப்பானது சாரமற்றுப்போனால், எதினால் சாரமாக்கப்படும்?' என்று இயேசு கேட்டாரே, உப்பு எப்படிச் சாரமற்றுப்போகும் என்று எனக்கு வெகுநாள் சந்தேகம். சுத்தமான உப்பு எத்தனை வருஷம் கிடந்தாலும் கரிக்கத்தானே செய்யும்? ஆனால் ஆண்டவர் காலத்தில் சவக்கடல் ஓரம் வாரிய உப்பு நம் பாக்கெட் உப்பு மாதிரி இல்லை. ஜிப்சமும் மண்ணும் கலந்தது. ஈரம் பட்டால் உப்பு முதலில் கரைந்து ஓடிவிடும். மிஞ்சுவதும் வெள்ளையாகத்தான் இருக்கும். நாக்கில் வைத்தால் சப்பென்றிருக்கும். அந்த வசனத்துக்கு (மத்தேயு 5:13) வேத அறிஞர்கள் பலர் சொல்லும் விளக்கம் இது.

நம் தூத்துக்குடி உப்பளத்திலும் கலப்போடுதான் மல்லுக்கட்டு. தண்ணீர் பாத்தி பாத்தியாக மாறி வற்றும்போது முதலில் ஜிப்சம் படியும், பிறகுதான் உப்பு விளையும். அதன்பின் நிற்கும் கசப்புத் தண்ணீரை நேரத்தோடு வடித்துவிட வேண்டும். விட்டுவைத்தால் அதிலுள்ள மக்னீசியம் உப்போடு சேர்ந்துகொண்டு காற்றின் ஈரத்தை இழுக்கும். ஐப்பசி மழையில் எங்கள் அம்மாவின் உப்பு மரவை கசிந்து நனைந்து கிடந்ததற்குக் காரணம் அதுதான் என்பது எனக்குப் பின்னால்தான் தெரிந்தது.

ஸ்டேட்டஸில் வசனம் வைப்பது தப்பில்லை, வையுங்கள். ஆனால் அது வெறும் நிறம். சாரம் கரைந்து ஓடுவது அந்த பில் வழியாக. 'கூட்டி எழுதியது' என்று தெரிந்தே ஏற்றுகிறீர்கள். கொடுத்தவருக்கும் அது தெரியும். காலையில் உங்கள் ஸ்டேட்டஸைப் பார்ப்பவரும் அவர்தான்.

அடுத்த பில் வரும்போது ஊரைக் கூட்ட வேண்டாம், மேலாளரிடம் ஓட வேண்டாம். "அண்ணே, வாடகை ரசீதைக் குடுங்க, அதுல இருக்கறபடியே இன்னைக்கே ஏத்திர்றேன்" என்று சொல்லுங்கள். 'உங்கள் வசனம் எப்பொழுதும் கிருபைபொருந்தினதாயும் உப்பால் சாரமேறினதாயும் இருப்பதாக' என்று பவுல் கொலோசெயருக்கு எழுதியது இப்படிப்பட்ட பேச்சைப் பற்றியும்தான் என்பது என் எண்ணம். முகம் சுளிப்பார்கள். நாலைந்து நாள் கஷ்டமாக இருக்கும், எனக்கும் இருந்திருக்கிறது. இதுவரை ஏற்றிய பில்கள் உறுத்தினால் முதலில் ஜெபத்தில் சொல்லுங்கள். சரிக்கட்ட வழி இருந்தால் சரிக்கட்டுங்கள்.

தோழி சொன்னது கோபத்தில் சொன்னதாகத் தெரியவில்லை, அலுத்துப்போய்ச் சொன்னது. நாளைக்கே டிபன் பாக்ஸை எடுத்துக்கொண்டு அவள் பக்கத்தில் போய் உட்காருங்கள். அவள் வீட்டில் என்ன குழம்பு என்று கேளுங்கள். கொஞ்சம் ஊற்றச் சொல்லியும் கேளுங்கள்.