வேகம் கூடும்போது காரின் முன்பக்கம் லேசாவது ஏன்?
சிங்கப்பூரில் ஒழுங்காக ஓடும் ஸ்போர்ட்ஸ் கார், மலேசியாவின் செப்பாங் பந்தயத் தடத்தில் 180 கிலோமீட்டரைத் தொட்டதும் ஸ்டீயரிங் லேசாகிவிடுகிறது என்று கேட்டிருக்கிறீர்கள். காற்றின் தூக்குவிசை வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்பக் கூடுவதால், நம் விரைவுச்சாலைகளின் உச்சவரம்பான 90-இல் இருப்பதைப்போல் 180-இல் அது நான்கு மடங்காகிறது.

முதலில் முன் பம்பரின் அடியில், முன்னே நீளும் கிடைத்தட்டான ஸ்பிளிட்டரைப் பொருத்துங்கள். மூக்கில் மோதித் தேங்கும் காற்று அந்தத் தட்டை மேலிருந்து அழுத்த, அடியில் விரைந்தோடும் காற்றின் அழுத்தம் குறைய, இரண்டும் சேர்ந்து முன்சக்கரங்களைத் தரையோடு இருத்துகின்றன. ஆனால் அதைப் பிளாஸ்டிக் பம்பரில் மட்டும் திருகக் கூடாது. கையால் ஓங்கி அழுத்தினால் தட்டு வளையாமல் முன் சஸ்பென்ஷனே சற்று இறங்கும் அளவுக்கு, காரின் உலோகச் சட்டத்தோடு அது பிணைந்திருக்க வேண்டும்.

பலர் கவனிக்காமல் விடுவது பானெட்டைத்தான். ரேடியேட்டரைக் கடந்த காற்று வேறு வழியின்றி வண்டிக்கு அடியில் இறங்கி, அங்கே அழுத்தத்தைக் கூட்டுகிறது. ரேடியேட்டருக்குச் சற்றுப் பின்னால், மேற்புற அழுத்தம் குறைந்த இடத்தில் துவாரங்கள் வைத்தால் தூக்குவிசை குறைவதோடு எஞ்சினும் குளிரும். முன்கண்ணாடியை ஒட்டி வைத்தால், அங்குள்ள உயர் அழுத்தம் காற்றை உள்ளேயே திருப்பிவிடும்.

பின் இறக்கையை மட்டும் பெரிதாக்காதீர்கள். அது பின்னச்சுக்கு அப்பால் அழுத்துவதால் முன்பக்கம் நெம்புகோல்போல் மேலும் எழும். அதேபோல், முன்னே அழுத்தத்தைக் கூட்டிவிட்டுப் பின்னே விட்டுவிட்டால் வேகமான வளைவில் பின்பக்கம் வழுக்கும். எனக்கு அதுவே கூடுதல் ஆபத்தாகத் தோன்றுகிறது. அடுக்குமாடிக் கார் நிறுத்துமிடங்களின் சரிவில் உரசாதிருக்க, கழற்றி மாட்டக்கூடிய ஸ்பிளிட்டரே நமக்கு ஏற்றது. வாங்குமுன் நிலப் போக்குவரத்து ஆணையத்தின் விதிகளைப் பார்த்துவிடுங்கள்.