பட்டன் பிய்ந்து வருவதற்கு நூல் காரணமல்ல

கேள்வி: செங்கோட்டையில் இருக்கிறேன். இரண்டு வயதுப் பேத்திக்கு ஃபெல்ட் துணியில் விளையாட்டுப் புத்தகம் தைத்துக் கொடுத்தேன். பட்டன் மாட்டும் பக்கத்தில் பட்டன் துணியோடு பிய்ந்து வந்துவிட்டது. நூலைக் கூட்டித் தைத்தும் மறுபடி அதே கதி. பக்கங்களும் நிற்காமல் தொங்குகின்றன. புனலூரிலிருந்து வரும் ஒருவர், ஐயாயிரம் ரூபாய் டெபாசிட் கட்டினால் நல்ல ஃபெல்ட்டில் வெட்டிய செட் தருவதாகவும், தைத்ததைத் தானே வாங்கிக்கொள்வதாகவும் சொல்கிறார். கட்டலாமா?

பதில்: அம்மா, கட்ட வேண்டாம். ஏன் என்பதைப் பிறகு சொல்கிறேன். பேத்தி கையில் இருக்கும் பொருள் என்பதால் பட்டனை முதலில் பார்த்துவிடுவோம்.

உங்கள் நூலிலோ தையலிலோ குறையில்லை. ஃபெல்ட் நெய்த துணி அல்ல. அதில் நெடுக்கே ஓடும் பாவும் கிடையாது, குறுக்கே ஓடும் ஊடும் கிடையாது. கடைகளில் தாள் தாளாக விற்கும் ஃபெல்ட், பெரும்பாலும் பாலியெஸ்டர் இழைகளை முள் வைத்த ஊசிகளால் குத்திக் குத்தி ஒன்றோடொன்று சிக்கவைத்துச் செய்தது. இழுவையைத் தாங்க அதில் நீள இழை இல்லை. ஒரே இடத்தில் ஊசியை ஏற்றி ஏற்றி இறக்கினால், தபால்தலை ஓரம் மாதிரி அந்த இடம் முழுக்கத் துளையாகிவிடும். குழந்தை ஓர் இழுப்பு இழுத்தால் பட்டனோடு ஒரு வட்டத் துண்டும் சேர்ந்து வரும். நூலைக் கூட்டக் கூட்டச் சீக்கிரம் பிய்ந்ததற்கு இதுதான் காரணம்.

பட்டன் வரும் இடத்தின் பின்பக்கம் 4 செ.மீ. சதுரமாக நெய்த துணி ஒன்றை வையுங்கள். பழைய ஜீன்ஸ், டிரில், இல்லாவிட்டால் இரண்டாய் மடித்த வேட்டித் துணி போதும். சதுரத்தின் நாலு ஓரத்தையும் ஓட்டுத்தையலில் ஃபெல்ட்டோடு பிடித்துக்கொள்ளுங்கள். அதற்கும் பின்னால் ஒரு சின்னச் சட்டைப் பட்டனை வைத்து, முன் பட்டன், ஃபெல்ட், சதுரத்துணி, பின் பட்டன் நான்கையும் சேர்த்துத் தையுங்கள். 40ஆம் நம்பர் பாலியெஸ்டர் நூலை இரட்டையாகக் கோத்து, ஒவ்வொரு ஜோடித் துளையிலும் நான்கு தடவை ஏற்றி இறக்கினால் போதும். முன் பட்டனுக்கு அடியில் ஒரு தீக்குச்சியைச் செருகிக்கொண்டு தைத்து, முடிந்ததும் குச்சியை உருவிவிட்டு, அந்த இடைவெளியில் நூலை ஐந்தாறு சுற்று சுற்றிப் பின்பக்கம் முடிச்சுப் போடுங்கள். அந்தக் கழுத்து இல்லாவிட்டால் 2 மி.மீ. ஃபெல்ட் பட்டனுக்கு அடியில் அடங்காது. பிள்ளை மாட்டத் தெரியாமல் பிடுங்கத்தான் செய்யும். காஜாவுக்கும் பின்துணி வேண்டும். பட்டன் குறுக்களவைவிட 3 மி.மீ. கூடுதலாக வெட்டி, சுற்றிலும் காஜாத்தையல் போடுங்கள். இந்த வேலை முழுவதையும் பக்கத்தின் முன்னையும் பின்னையும் மூட்டுவதற்கு முன்பே முடித்துவிட வேண்டும். அப்போதுதான் சதுரத்துணியும் சின்னப் பட்டனும் உள்ளே மறையும்.

ஆனால் பேத்திக்கு வயது இரண்டு. மூன்று வயதுக்குட்பட்ட பிள்ளை வாயில் வைத்துத்தான் எதையும் பார்க்கும். பொம்மைச் சோதனையில் 31.7 மி.மீ. குறுக்களவுள்ள ஒரு குழாய் வைத்திருப்பார்கள். அழுத்தாமலே அதற்குள் முழுசாகப் போய்விடும் எதுவும் அந்த வயதுப் பிள்ளைக்கு ஆகாது. வீட்டிலேயே அதைச் செய்துகொள்ளலாம். கெட்டி அட்டையை உட்சுற்றளவு 10 செ.மீ. வரும்படி சுருட்டி ஒட்டி, உயரம் 5.7 செ.மீ. வைத்துக்கொள்ளுங்கள். 2.5 செ.மீ. கோட்டுப் பட்டன் அதில் சுலபமாக விழும். ஆகவே பேத்தியின் புத்தகத்துக்கு 4 செ.மீ. தட்டைப் பட்டன் வாங்குங்கள். கிடைக்காவிட்டால் மூன்று வயது முடியும்வரை அந்தப் பக்கத்தை வெல்க்ரோ பக்கமாக மாற்றிவிடுங்கள். தைத்து முடித்தபின் பட்டனைக் குறட்டால் பிடித்து, தூக்குத் தராசின் கொக்கியில் கோத்து, 9 கிலோ காட்டும்வரை மெதுவாக இழுத்துப் பத்து விநாடி நிறுத்துங்கள். ஐரோப்பியத் தரம் கேட்கும் 90 நியூட்டன் கிட்டத்தட்ட இதுதான். முதலில் ஒரு துண்டு ஃபெல்ட்டில் தைத்து இழுத்துப் பாருங்கள்.

இனி அந்த செட். வெட்டிய ஃபெல்ட் செட்டுகளில் நான் அஞ்சுவது காந்தத்தைத்தான். மீன் பிடிக்கும் பக்கத்துக்கென்று சுண்டைக்காய் அளவுகூட இல்லாத நியோடிமியம் காந்தங்களைப் போட்டுத் தருகிறார்கள். மெல்லிய ஃபெல்ட் மீனைக் கடித்தே பிரித்துவிடலாம். இரண்டு காந்தம் வயிற்றுக்குள் போனால், குடலின் இரு மடிப்புகளுக்கு இடையே ஒன்றையொன்று கவ்விக்கொண்டு குடலையே துளைத்துவிடும். அறுவை சிகிச்சை வரைக்கும் போகும். பாட்டுப் பாடும் பக்கம் என்று பட்டன் பேட்டரி வைத்திருந்தால் அது இன்னும் அவசரம். உணவுக்குழாயில் சிக்கினால் இரண்டு மணி நேரத்துக்குள் புண்ணாக்கிவிடும். மீனுக்கு வெல்க்ரோ போதும், பாட்டுக்கு நீங்கள் இருக்கிறீர்கள். பசைத் துப்பாக்கியால் ஒட்டிய கண், மூக்கு, மணி எதையும் வைக்க வேண்டாம். எச்சில் பட்டுப் பட்டு அது கழன்று வரும். கண்ணைக் கறுப்பு நூலால் எம்ப்ராய்டரி போட்டுவிடுங்கள்.

அந்த டெபாசிட் விவகாரம் கேரள எல்லையின் இரு பக்கமும் நடக்கும் பழைய வேலை. அகர்பத்திப் பெட்டி, காகிதக் கவர் என்று பெயர் மாறிக்கொண்டே இருக்கும். நீங்கள் பணம் கட்டுவீர்கள், அவர் செட் தருவார். தைத்துக் கொண்டுபோனால் “தையல் கோணல், கம்பெனி எடுக்காது” என்பார். டெபாசிட் அதோடு போயிற்று. உண்மையில் தையல் ஆள் தேடுகிறவர் துணியைத் தன் கணக்கில் தந்து, பீஸுக்கு இவ்வளவு என்று கூலி பேசுவார், உங்களிடம் பணம் கேட்க மாட்டார். செட்டைப் பிரித்துக் காட்டச் சொல்லி, எத்தனை ஃபெல்ட் தாள், எத்தனை பட்டன் என்று எண்ணி, தென்காசிக் கடையில் விலை விசாரியுங்கள். “நல்ல ஃபெல்ட்” என்கிறாரே, சிவப்பும் மெரூனும் எடுத்து, நனைத்த வெள்ளைத் துணியால் இருபது தடவை தேய்த்துப் பாருங்கள். சாயம் வெள்ளையில் இறங்கினால் அது பேத்தி வாய்க்குப் போகிற சாயம்.

அவர் “ஐஎஸ்ஐ எல்லாம் நான் பார்த்துக்கொள்கிறேன்” என்றும் சொல்லியிருப்பார். நடைமுறை இதுதான். மத்திய அரசின் பொம்மைகள் தரக்கட்டுப்பாட்டு ஆணை 2021 ஜனவரி 1 முதல் நடப்பில் இருக்கிறது. 14 வயதுக்குட்பட்டவர்கள் விளையாடும் பொம்மையை விற்க ஐஎஸ்ஐ முத்திரை வேண்டும். விளையாடத் தைத்த துணிப் புத்தகமும் அதில் சேரும் என்று வைத்துக்கொள்வதே பத்திரம். சொந்தப் பேத்திக்குத் தைப்பதை யாரும் கேட்க மாட்டார்கள். விற்பனைக்குத்தான் இந்தப் பேச்சு. இதில் ஒரு விலக்கு உண்டு. ஜவுளி அமைச்சகத்தின் கைவினைப் பொருள் மேம்பாட்டு ஆணையரிடம் பதிவு செய்த கைவினைஞர், தானே செய்து தானே விற்கும் பொம்மைக்கு அந்த முத்திரை தேவையில்லை. “செய்து” மட்டும் போதாது, “விற்கும்” என்பதும் சேர்ந்தே வர வேண்டும். உங்கள் பெயரில் அந்தக் கைவினைஞர் அட்டை இருந்து, சரக்கு அவருடையது, விற்பனை அவருடையது, உங்களுக்குத் தையல் கூலி மட்டும் என்றால் அந்த விலக்கு அவருக்கு ஒட்டாது. உங்கள் அட்டையின் நகலைக் கேட்கிறார் என்றால் எதற்குக் கேட்கிறார் என்று யோசியுங்கள். கடன் திட்டத்துக்குப் பதிந்த அட்டையும் இதுவும் வேறு வேறு. இரண்டையும் ஒன்றென்று சொல்லிக் காசு வாங்கும் ஆட்கள் இருக்கிறார்கள். தொழிற்சாலைக்கு எழுதிய சட்டத்தை வீட்டில் மாதம் நாலு புத்தகம் தைக்கும் பெண்கள் தலையிலும் வைத்துவிட்டு, விலக்கு இருப்பதை அவர்கள் மொழியில் ஒரு தாளில் அச்சடித்து ஊராட்சி அலுவலகத்தில் ஒட்டக்கூட அரசுக்கு மனம் வரவில்லை. தரகர் பிழைப்பது அந்த இடைவெளியில்தான்.

பக்கம் தொங்குவதற்குக் காரணம், இரு பக்கமும் 1 மி.மீ. மெல்லிய ஃபெல்ட்டாக இருப்பது. அடிப்பக்கத்துக்குக் காடாத்துணி போடுங்கள், உருவங்களுக்கு மட்டும் ஃபெல்ட் வையுங்கள். 90 செ.மீ. அகலக் காடா முக்கால் மீட்டர் வாங்கி, முதலில் நனைத்துக் காயவைத்துவிடுங்கள், அது சுருங்கும். பக்கம் 20 செ.மீ. சதுரமாக வர, அகலம் 24, உயரம் 22 என்று ஆறு துண்டு வெட்டுங்கள். மூன்று ஓரத்துக்குத் தலா 1 செ.மீ. தையலுக்கு, புத்தக முதுகுப் பக்கம் 3 செ.மீ. இணைப்புக்கு. இரண்டிரண்டாக மூட்டினால் மூன்று தாள், ஆறு பக்கம். அது போதும். உள்ளே 2 மி.மீ. விறைப்பு ஃபெல்ட்டை 20 செ.மீ. சதுரமாக வைத்து மூடுங்கள். அட்டை வேண்டவே வேண்டாம். ஜூன் முதல் ஆகஸ்ட் வரை சாரலில் உங்கள் ஊரில் அது பூசணம் பிடித்துவிடும், துவைக்கவும் முடியாது. மிஷினில் 16ஆம் நம்பர் ஊசி போட்டுத் தையலை 3 மி.மீ.க்கு மேல் நீட்டிக்கொள்ளுங்கள். இல்லாவிட்டால் தையல் விட்டுவிட்டு விழும். பட்டன், பழம் போன்ற தடித்த உருவங்களை முதுகுப் பக்கம் வைக்காமல், எதிரெதிர்ப் பக்கங்களில் மேலும் கீழுமாக மாற்றி வைத்தால் புத்தகம் வாய் பிளக்காது.

வெல்க்ரோவில் சொரசொரப்பான பட்டையைப் புத்தகப் பக்கத்தின்மேல் தையுங்கள். எடுத்து ஒட்டும் பழத்துக்கு மெத்தென்ற பட்டை. மாற்றி வைத்தால், பையில் கிடக்கும்போதே பழங்கள் மற்ற ஃபெல்ட்டை இழுத்துப் பஞ்சாக்கிவிடும். 1.5 செ.மீ. துண்டு போதும். பெரிதாக வைத்தால் பிஞ்சுக் கையால் பிரிக்க முடியாமல் பக்கத்தையே இழுக்கும். பின்னால் பசை தடவிய வெல்க்ரோ வாங்காதீர்கள், ஊசியில் பசை ஒட்டி நூல் அறுந்துகொண்டே இருக்கும்.

இப்போது கையில் இருக்கும் புத்தகத்தை எறிய வேண்டாம். முதுகுத் தையலைப் பிரித்து, பட்டன் போன ஓட்டைக்குப் பின்னால் ஜீன்ஸ் துண்டும் முன்னால் 5 செ.மீ. ஃபெல்ட் பூவும் வைத்து மூடி, அதன்மேல் பெரிய பட்டனை மேலே சொன்ன முறையில் தையுங்கள். உள்ளே விறைப்பு ஃபெல்ட்டைச் செருகி, முதுகை இரண்டு வரி தைத்து மூடிவிடுங்கள். துவைக்கும்போது குளிர்ந்த தண்ணீர், கொஞ்சம் சோப்பு. பிழியாமல் துண்டுக்குள் சுருட்டி அழுத்தி, நிழலில் படுக்கையாகப் போட்டுக் காயவையுங்கள். இஸ்திரி போடுவதானால் மேலே ஒரு பருத்தித் துணியை விரித்துக் குறைந்த சூட்டில் போடுங்கள். நேரடியாக வைத்தால் ஃபெல்ட் உருகி இஸ்திரிப் பெட்டியில் ஒட்டும்.